கோமதிக்கு, மிஸ் மார்ப்பிளைப் பற்றி

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். இவர் ஓய்வு பெற்றதிலிருந்து டிவி ரிமோட் யார் கையில் இருப்பது என்பதுதான் வீட்டில் உள்ள ஒரே தகராறு. கிரிக்கெட் இல்லாத மாலைகளில் நான் வென்றுவிடுகிறேன்.

படுக்கையில் இருந்த நாட்களில், ஆங்கிலக் கிராமங்களில் நடக்கும் கொலைகளைத் துப்பறியும் மிட்சோமர் மர்டர்ஸ் தொடரை வரிசையாகப் பார்த்துப் பொழுதைப் போக்கியதாக எழுதியிருந்தாய். மகளின் வற்புறுத்தலுக்காக ஹாப்பி வேலி என்ற போலீஸ் தொடரையும் முழுவதுமாகப் பார்த்ததாகவும், முன்னது மனதுக்கு இதமாக இருந்ததாகவும், பின்னது கல்நெஞ்சுக்காரர்கள் எடுத்த தொடராகத் தோன்றியதாகவும் சொல்லியிருந்தாய். இந்த ஒரு விஷயத்தில் உன்னோடு சண்டை போடத்தான் இந்தக் கடிதம். இந்த இரண்டில் கல்நெஞ்சு எதற்கு என்று கேட்டால், தயங்காமல் மிட்சோமருக்குத்தான் என்பேன்.

நான் மிட்சோமரை வெறுப்பவள் அல்ல. 1997-இல் அது தொடங்கியபோது வந்த முதல் கதையான பேட்ஜர்ஸ் டிரிஃப்ட் கொலைகளை எத்தனை முறை போட்டாலும் உட்கார்ந்து பார்ப்பேன். 2011 வரை துப்பறியும் அதிகாரி டாம் பார்னபியாக நடித்த ஜான் நெட்டில்ஸும், அவருக்குப் பிறகு ஒன்றுவிட்ட சகோதரராக வந்த நீல் டட்ஜனும் எனக்குப் பிடித்தவர்களே. தொடக்க இசையில் ஊளையிடுகிற அந்தத் தெரமின் கருவியைக் கேட்டாலே, இதையெல்லாம் நாங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று தொடரே நம்மைப் பார்த்துக் கண்சிமிட்டுவதும் புரிகிறது. ஆனால் அங்கே சாகிறவர்களைச் சற்று நினைத்துப் பார். ஒருவரைப் புல்தரையில் அசைய முடியாதபடி அடித்துப் பொருத்தி, கவண் இயந்திரத்தால் ஒயின் பாட்டில்களை எறிந்து கொல்கிறார்கள். இன்னொரு கதையில் வண்டிச் சக்கரம் போன்ற பாலாடைக்கட்டியால் கொல்கிறார்கள். இறந்தவரின் மனைவி தேநீர் ஊற்றிக்கொண்டே விசாரணைக்குப் பதில் சொல்கிறாள், அழுவதற்கு அங்கே யாருக்கும் நேரமில்லை. முதல் பிணத்தைப் பற்றிக் கதை மறக்கத் தொடங்கும் வேளையில் இரண்டாவது பிணம் வந்துவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு எப்படித் தூக்கம் வருகிறது என்று நீயே வியந்திருந்தாய். அங்கே யாரும் சாகவில்லை, ஒரு புதிர் போடப்பட்டு விடுவிக்கப்பட்டது, அவ்வளவுதான். அதனால்தான் தூக்கம் வருகிறது.

அந்த ஊரின் அழகுக்கும் ஒரு விலை இருந்தது. வெள்ளையரல்லாதவர்கள் தொடரில் இல்லாததை ஆங்கிலேயத்தனத்தின் கடைசிக் கோட்டை என்ற வகையில் நியாயப்படுத்திப் பேசியதற்காக, 2011-இல் அதன் தயாரிப்பாளர் பணியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். அதன் பிறகுதான் காட்சிகள் மெல்ல மாறின. பிணப் பரிசோதனை மருத்துவராக மஞ்சிந்தர் விர்க் வந்து சேர்ந்தது 2016-இல்.

கோஸி மிஸ்டரி, அதாவது இதமான கொலைக்கதை, என்று இன்று விற்கப்படும் இந்த வகையின் மூலவிக்கிரகம், அகதா கிறிஸ்டி படைத்த துப்பறியும் கிராமத்துக் கிழவி மிஸ் மார்ப்பிள்தான். அவரை எத்தனையோ பேர் நடித்திருந்தாலும், என் கணக்கில் ஜோன் ஹிக்சனுக்கு இணை யாருமில்லை. 1940-களில் ஒரு நாடகத்தில் அவரைப் பார்த்த அகதா கிறிஸ்டி, நீங்கள் ஒருநாள் மார்ப்பிளாக நடிக்க வேண்டும் என்று கடிதம் எழுதினாராம். அது நிறைவேறியபோது 1984, ஹிக்சனுக்கு வயது 78, கிறிஸ்டி இறந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1992-க்குள் மார்ப்பிள் நாவல்கள் பன்னிரண்டையும் பிபிசிக்காக அவர் நடித்து முடித்துவிட்டார். ஐடிவி தொலைக்காட்சி பின்னால் எடுத்த மார்ப்பிள் தொடரில் வண்ணமும் வேகமும் கூடுதல். மார்ப்பிள் இல்லாத கிறிஸ்டி கதைகளில்கூட மார்ப்பிளைக் கொண்டுவந்து நுழைத்தார்கள், எனக்கு அது ஒட்டவே இல்லை. ஹிக்சன் எதையும் செய்து காட்டுவதில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கம்பளி பின்னுகிறார், எதிரில் இருப்பவர் பேசப் பேசத் தலையைச் சற்றே சாய்த்துக் கேட்கிறார், பின்னல் நிற்பதில்லை. ஆனால் அந்த வெளிர்நிறக் கண்கள் மட்டும் பேசுகிறவரின் முகத்தைவிட்டு நகர்வதில்லை. அந்தக் கண்களில் கருணை இருப்பதாக நீ நினைக்கிறாயா? எனக்கு அவற்றைப் பார்த்தால் பயம்தான் வருகிறது. மனிதர்களைப் பற்றி மிக மோசமானதை முதலில் நம்புவது, அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்று அமைதியாக ஏற்றுக்கொள்வது, இதுதான் அந்தக் கிழவியின் முறை. புதிதாக வரும் எவரைப் பார்த்தாலும் தன் கிராமத்தில் திருடிய வேலைக்காரப் பெண்ணோ ஏமாற்றிய கடைப்பையனோ அவருக்கு ஞாபகம் வந்துவிடுகிறார்கள்.

1985-இல் வந்த எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு உனக்கு நினைவிருக்கும். இன்ன வீட்டில், இன்ன நாள், மாலை ஆறரை மணிக்கு ஒரு கொலை நடக்கும், நண்பர்கள் இதையே அழைப்பாகக் கொள்ளவும் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் வருகிறது. ஊரே ஏதாவது ஒரு சாக்கைச் சொல்லிக்கொண்டு, விருந்துக்கு வருவதுபோல் அந்த வீட்டுக் கூடத்தில் வந்து நிற்கிறது. கதை 1950-இல் எழுதப்பட்டது. போர் ஊர்களைக் கலைத்துப்போட்டிருந்த நேரம் அது. பங்கீட்டு அட்டை இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் எந்த ஊரிலும் குடியேறி, தன்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். முன்பெல்லாம் புதிதாக வருகிறவரைத் தெரிந்த ஒருவராவது ஊரில் இருந்தார், இப்போது அவர்கள் சொல்வதைத் தவிர நமக்கு வேறு ஒன்றும் தெரியாது என்பதை அந்தக் கதையில் மார்ப்பிளே எடுத்துச் சொல்கிறார். ரோஜாத் தோட்டம், தேநீர்க் கெண்டி, தேவாலய மணி என்று நாம் இதமாகப் பார்க்கிற அந்தக் கிராமம், பக்கத்து வீட்டுக்காரர் உண்மையில் யார் என்று எவருக்கும் தெரியாத கிராமம். அந்த ஊரில் என்னைக் குடியிருக்கச் சொன்னால், இரவில் இரண்டு தாழ்ப்பாள் போடாமல் படுக்கமாட்டேன்.

கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளரான புவாரோவைப் பற்றி நீட்டிப் பேசப் போவதில்லை, உனக்கு பீட்டர் உஸ்தினோவ், எனக்கு டேவிட் சூஷே, அந்த வழக்கு நம் காலத்தில் தீராது. 1989 முதல் 2013 வரை எழுபது கதைகள், எல்லாவற்றிலும் சூஷே ஒருவரே. ஆனால் 2010-இல் வந்த ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் கதையை மட்டும் மறுபடி பார். மற்றவர்கள் சாமர்த்தியமான முடிச்சாக மட்டும் பார்த்த அந்தக் கதையில், குற்றவாளிகளை விட்டுவிடுவதா கூடாதா என்று சூஷே கையில் ஜெபமாலையோடு தவிக்கிறார். கோஸிக்கு மனசாட்சி உறுத்திய அபூர்வமான இடங்களில் அதுவும் ஒன்று.

இனி ஹாப்பி வேலி. யார்க்ஷயரில் கால்டர் பள்ளத்தாக்கு, சாலி வெயின்ரைட் எழுதியது, 2014, 2016, 2023 என்று மூன்றே பருவங்கள், பதினெட்டே பகுதிகள். அதில் வரும் அடிதடியும் ரத்தமும் எனக்கும் தாங்கவில்லை, சில இடங்களில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் தொடக்கக் காட்சியை நினைத்துப் பார். உடம்பெல்லாம் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு தீ வைத்துக்கொள்ளப் போவதாக ஒரு பையன் விளையாட்டுத் திடலில் நிற்கிறான். கையில் தீயணைப்பானோடு அவன் எதிரில் வந்து நிற்கிற சார்ஜென்ட் கேத்தரின், அதட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. தன்னைப் பற்றிச் சொல்கிறாள். எனக்கு வயது 47, விவாகரத்தானவள், போதைப் பழக்கத்திலிருந்து மீண்டுவரும் சகோதரியோடு இருக்கிறேன், வளர்ந்த பிள்ளைகள் இருவரில் ஒருவர் இறந்துவிட்டார், இன்னொருவர் என்னோடு பேசுவதில்லை, ஒரு பேரன் இருக்கிறான். தன் துயரத்தை அவள் அங்கே ஒரு அடையாள அட்டைபோல் எடுத்து நீட்டுகிறாள், முன்பின் தெரியாத ஒருவன் செத்துவிடக் கூடாது என்பதற்காக. மிட்சோமரின் அத்தனை ஆண்டுகளிலும் இப்படி ஒரு வார்த்தையை ஒருவர் இன்னொருவரிடம் பேசியதாக எனக்கு நினைவில்லை.

தன் மகளைச் சீரழித்துச் சாவுக்குத் தள்ளியவனின் பிள்ளையைத் தானே வளர்க்கிறாள் கேத்தரின். ஊரிலும் வீட்டிலும் அதற்கு எதிர்ப்பு. கணவன் விலகிப் போகிறான். இந்த ஒரு முடிவிலிருந்துதான் மூன்று பருவங்களும் முளைக்கின்றன. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே ஏழு ஆண்டுகள் காத்திருந்தார்கள். பேரன் ரயனாக நடித்த அந்தச் சிறுவன் ரைஸ் கானாவே வளர்ந்து, அப்பனைத் தானாகத் தேடிப்போகும் வயதுக்கு வர வேண்டும் என்பதற்காக. வேறு பையனைப் போட்டு எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. அவன் முகத்தில் பழைய குழந்தையையும் புதிய இளைஞனையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் கேத்தரினின் பயம் நமக்குள்ளும் இறங்குகிறது. சிறையிலிருக்கும் தகப்பனைப் பார்க்க அவனை அழைத்துப் போனது தன் சகோதரி கிளேர்தான் என்று தெரிந்து, ஒரு காப்பிக் கடையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் காட்சி இருக்கிறதே, துப்பாக்கியும் இல்லை, கத்தியும் இல்லை, மேசைமேல் கோப்பைகள் மட்டும்தான். தொடர் முழுவதிலும் என்னை அதிகம் உலுக்கியது அதுதான். கடைசிப் பகுதியில் சமையலறை மேசையில் அந்தத் தகப்பன் டாமி லீ ராய்ஸ் ஆல்பத்தைப் புரட்டி, தன் மகனுக்குச் சந்தோஷமான குழந்தைப் பருவம் கிடைத்திருப்பதைப் பார்க்கிற கட்டத்தில், இவ்வளவு கொடியவனையும் ஒரு நிமிடம் மனிதனாக நிற்கவைக்கிறார் எழுத்தாளர். கல்நெஞ்சுக்காரர்களால் இது முடியாது, கோமதி.

பிராட்சர்ச் என்ற துப்பறியும் தொடரின் முதல் பருவமும் இந்த ரகம்தான். எட்டுப் பகுதிகளில் ஒரே ஒரு சிறுவனின் சாவு. அப்பாக்காரர் காலையில் கடைத்தெருவில் நடந்துபோகும்போது எதிர்ப்படுகிற ஒவ்வொருவரும் வணக்கம் சொல்வதை ஒரே நீண்ட காட்சியாகக் காட்டியிருப்பார்கள். அந்த ஒரு நடையில் ஊர் முழுவதும் நமக்குத் தெரிந்தவர்களாகிவிடுகிறார்கள், பிறகு வருகிற சந்தேகம் ஒவ்வொன்றும் அதனால்தான் வலிக்கிறது. இரண்டாவது பருவத்து நீதிமன்ற வழக்கு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிஜமாக நடந்ததை வைத்து எடுத்த மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ், 2024 ஜனவரியில் ஐடிவியில் நான்கு இரவுகள் வந்தது. அதில் கொலை இல்லை, ஆனால் கோஸிக் கதைகளின் அதே கிராமம் இருக்கிறது. ஜோ ஹாமில்டன் என்ற பெண்மணி ஹாம்ப்ஷயரில் கடையும் தபால் நிலையமும் நடத்துகிறார். கணினியில் கணக்குக் குறைகிறது, உதவி எண்ணில் சொன்னபடி செய்யச் செய்ய, சுமார் 2,000 பவுண்டு பற்றாக்குறை அவர் கண்ணெதிரிலேயே இரட்டிப்பாகிறது, பழியும் அவர்மேலேயே விழுகிறது. மார்ப்பிளின் கிராமமாக இருந்திருந்தால் அவரை முதலில் சந்தேகித்திருப்பார்கள். நிஜக் கிராமத்தார் பணம் திரட்டிக் கொடுத்து, நீதிமன்றத்திலும் வந்து உட்கார்ந்தார்கள். குற்றம், தபால் நிலையக் கணினிகளில் ஓடிய ஹொரைசன் என்ற மென்பொருளுக்கும் அதைக் காப்பாற்றிய நிர்வாகத்துக்கும் உரியது. தவறாகத் தண்டிக்கப்பட்டவர்கள் 900 பேருக்கு மேல். நாடகம் கிளப்பிய கொந்தளிப்பில் அந்த ஆண்டு மே மாதமே தண்டனைகளை ரத்துசெய்யும் சட்டம் வந்துவிட்டது. எல்லா ஊர்களும் அப்படி நடந்துகொள்ளவில்லை என்பதும் உண்மை, பலரை அக்கம்பக்கத்தார் திருடர் என்றே ஒதுக்கினார்கள், அதையும் தொடர் மறைக்கவில்லை.

உனக்கு இதமும் வேண்டும், நெஞ்சில் ஈரமும் வேண்டும் என்றால் அடுத்து ஃபாயில்ஸ் வார் பார். போர்க்கால ஹேஸ்டிங்ஸ் நகரம், 2002-இல் தொடங்கியது, அந்தோணி ஹோரோவிட்ஸ் எழுதியது. மிட்சோமரின் தொடக்கக் கதைகளையும் அவர்தான் எழுதினார் என்பது வேடிக்கை. ஆயிரக்கணக்கானோர் செத்துக்கொண்டிருக்கும்போது ஒற்றைக் கொலையைத் துருவுவானேன் என்று எல்லோரும் துப்பறியும் அதிகாரி ஃபாயிலைக் கேட்கிறார்கள். அவர் பெரிதாக வசனம் பேசுவதில்லை, அவராக நடித்த மைக்கேல் கிச்சன் தன் வசனங்களைத் தானே வெட்டிக் குறைத்துக்கொள்வாராம். உதட்டைக் கொஞ்சம் சுழித்துவிட்டு வேலையைத் தொடர்கிறார். ஐம்பது கப்பல்கள் தொடர்பான கதையில், நாட்டுக்குத் தேவைப்படுகிற ஒரு அமெரிக்கப் பணக்காரரைக் கொலைகாரர் என்று தெரிந்தும் விட்டுவிட வேண்டியிருக்கிறது. போர் ஒருநாள் முடியும், அப்போது நான் வருவேன் என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார். வரிசை மாற்றாமல் முதல் பருவத்திலிருந்து பார், 1940-இல் தொடங்கி ஆண்டுவாரியாகப் போகிறது. ஓட்டுநர் சாம் பெண்ணை உனக்கு நிச்சயம் பிடிக்கும்.

பார்த்துவிட்டு எழுது. உஸ்தினோவைப் பற்றி மட்டும் எழுதாதே.

அன்புடன்,
வசந்தா