கப்பல் புறப்படும் ஊரில் பள்ளி திறந்துவிட்டதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் சொகுசுக் கப்பல் பயணம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். குழந்தைகள் குறைவாக ஏறும் கப்பலைத் தேடுகிறவர்கள் மனம் வறண்டவர்கள் என்று அதில் ஒரு வரி. 34 ஆண்டுகள் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு வகுப்புக்கு 50 பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டாலும் எத்தனை பேர் என்று கட்டுரையாளரே பெருக்கிப் பார்க்கட்டும்.

பிரியம் இருந்தாலும் கூட்டம் குறைந்த நேரம் பார்த்துப் போவதை மதுரைக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். கார்த்திகை பிறந்து, மாலை போட்ட பக்தர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும்போது உள்ளூர்க்காரர்களில் எத்தனை பேர் மீனாட்சியம்மனைப் பார்க்கக் கிளம்புகிறோம்? தை பிறக்கட்டும் என்று பொறுத்திருந்து, ஏதோ ஒரு புதன்கிழமை சாயங்காலம் நடை திறந்ததும் போய் நிற்கிறோம். அதனால் பக்தி குறைந்தா போயிற்று? குழந்தையும் தெய்வமும் ஒன்று என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டையும் பார்க்க நேரம் காலம் உண்டு என்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் 35-ஆவது திருமண நாளுக்குக் கப்பலில் போக வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரு நாற்காலி, எதிரே கடல், கையில் காப்பி. மாசி வீதிப் பக்கம் ஒரு டிராவல்ஸில் விசாரித்தோம். "ஜூனில் போங்கள் அம்மா, பள்ளிக்கூடம் திறந்திருக்கும், கப்பலே அமைதியாக இருக்கும்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஜூன் என்றால் எனக்குப் புதுச் சாக்பீஸ் வாசனைதான் நினைவுக்கு வரும்.

கப்பல் ஏறியது சிங்கப்பூரில். அங்கே மே கடைசியில் தொடங்கி ஏறக்குறைய ஜூன் முழுக்கப் பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறை! போதாததற்கு டில்லிப் பக்கத்துப் பள்ளிகளுக்கும் ஜூன் 30 வரை கோடை விடுமுறை. அங்கிருந்து குடும்பம் குடும்பமாகச் சிங்கப்பூர் வந்து கப்பல் ஏறுகிறார்கள். நான் நம் ஊர் நாட்காட்டியை மட்டும் பார்த்திருக்கிறேன். கணக்கு வாத்தியாரின் கணக்கு இப்படிப் போயிற்று.

முதல் நாள் காலைச் சிற்றுண்டிக் கூடத்தில் பழக்க தோஷத்தில் தலை எண்ண ஆரம்பித்தேன். 200 வந்ததும் விட்டுவிட்டேன். லிஃப்டில் ஏழெட்டு வயதுப் பையன்கள் 14 மாடிக்கும் பொத்தானை அழுத்திவிட்டு இறங்கி ஓடுவார்கள். முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட என் கணவர் ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். இரண்டாம் நாள் சூரியன் மறையும் நேரத்தில், வேட்டி கட்டிக்கொண்டு மேல்தளத்துக்குப் போனார். முழங்கைவரை உருகி வழிகிற கூம்பு ஐஸ்கிரீமோடு ஓடிவந்த ஒரு வாண்டு நேரே அவர் மேல் மோதியது. வேட்டியில் பட்ட ஸ்ட்ராபெர்ரிக் கறை இன்னும் முழுதாகப் போகவில்லை.

அன்று இரவு லிஃப்ட் வாசலில் முண்டியடித்த கூட்டத்தைப் பார்த்து, என்னை அறியாமல் "வரிசை!" என்று ஒரு குரல் கொடுத்தேன். அத்தனையும் வரிசையில் நின்றன. ஒரு தமிழ்ப் பெண்குழந்தை மட்டும் என்னை அண்ணாந்து பார்த்து, "பாட்டி, நீங்கள் டீச்சரா?" என்றது. அப்புறம் என்ன, ஓய்வு பெற்று 5 ஆண்டுகள் கழித்து மலாக்கா நீரிணையில் எனக்கு மறுபடியும் டியூட்டி!

சென்ற ஆண்டு ஜூலைக் கடைசியில் மறுபடியும் போனோம். அதே கப்பல், வழியில் அதே பினாங்கு, அதே புக்கெட் துறைமுகங்கள். குழந்தைகள் 40-ஐத் தாண்டவில்லை, கட்டணமும் குறைவு. கப்பல் புறப்படும் ஊரில் எப்போது விடுமுறை, கப்பலில் யார் யார் எந்த ஊரிலிருந்து வருவார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். தீபாவளியும் சீனப் புத்தாண்டும் ஆகவே ஆகாது. மூன்று நாள், நான்கு நாள் பயணம் என்றால் பிள்ளைகள் நிச்சயம். இரண்டு வாரப் பயணத்துக்குப் பள்ளிக்கூடம் விடாது, பெற்றோருக்கும் லீவு கிடைக்காது. விளம்பரப் படத்தில் நீர்ச்சறுக்கு பெரிதாக இருந்தால் அது நமக்கான கப்பல் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு பந்தி வைக்கிற கப்பலில் இரண்டாம் பந்தியைக் கேட்டு வாங்குங்கள், குடும்பங்கள் முதல் பந்தியிலேயே முடித்துக்கொண்டு போய்விடும். சில கப்பல்களில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றே கண்ணாடிக் கூரை போட்ட நீச்சல்குளத் தளம் உண்டு. என் கணவர் இரண்டாம் பயணத்தில் பாதி நேரம் அங்கேதான் குடியிருந்தார்.

அடியோடு குழந்தைகளே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. வைக்கிங், வெர்ஜின் வாயேஜஸ் நிறுவனங்கள் 18 வயது ஆகாதவர்களை ஏற்றுவதே இல்லை. பிரிட்டனின் பி அண்ட் ஓ நிறுவனத்தில் ஆர்க்கேடியா, அரோரா என்ற இரண்டு கப்பல்கள் பெரியவர்களுக்கு மட்டும். கட்டணம், விசா எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பென்ஷன்காரர்கள் படித்துவிட்டுப் பெருமூச்சு விடலாம்.

உங்கள் இணைப்பில் வரும் பயண விளம்பரங்களில் புறப்படும் தேதியைக் கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். பக்கத்திலேயே அந்த ஊரின் பள்ளி விடுமுறைத் தேதியையும் சின்னதாகப் போட்டால் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. குழந்தைகளோடு போக விரும்புகிற தாத்தா பாட்டிகளுக்கும் அதே தேதிதான் வேண்டும். அடுத்த மே மாதம் பேரன் பேத்தியோடு கொச்சியில் படகு வீட்டுக்குப் போகிறோம். அவர் இப்போதே வேட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை,
திருநகர், மதுரை.