பன்னிரண்டாவது படம்

மண்டபம்,
ஜூன் 7

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கண் ஆபரேஷன் முடிந்து, சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கிடந்ததால் உடனே எழுத முடியவில்லை. இப்போது நன்றாகத் தெரிகிறது. தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் ஒரு வாரம்தான். படகுக்கெல்லாம் பெயின்ட் அடித்தாயிற்று. கச்சான் காற்று பிடித்துவிட்டது, வீட்டுக்குள்ளெல்லாம் மணல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டேஷனுக்கு எதிரே ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணனை உனக்கு ஞாபகம் இருக்கும். எஸ்எஸ்எல்சிக்கு நம் இரண்டு பேரையும் ஒரே சட்டையை மாற்றிப் போடவைத்துப் படம் எடுத்தாரே, அவர்தான். அவர் வாழ்நாளெல்லாம் எடுத்த வாத்தியக்காரர்கள் படங்களில் நூற்றுக்கு மேல் எடுத்து, ராமநாதபுரத்தில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் பத்து நாள் கண்காட்சியாக வைத்திருந்தார்கள். படகு கரையில் நிற்கிற மாதத்தில்தான் வைக்க வேண்டும் என்று அண்ணன் பிடிவாதமாக இருந்தாராம். அதனால் பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை என்று எல்லாப் பக்கமிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். நான் மூன்று தடவை போனேன்.

சின்ன ஊர் ஸ்டூடியோவுக்கு இத்தனை வித்வான்கள் எப்படி வந்தார்கள் என்று இளவட்டங்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். உனக்கும் எனக்கும் தெரியும். 1988 அக்டோபரில் சாலைப் பாலம் திறக்கும்வரை, ராமேஸ்வரத்துக்கு ரயிலையும் தோணியையும் விட்டால் வழி ஏது? காரில் வந்தவர்கூட நம் ஊர் மண்டபத்தில் காரை ரயிலில் ஏற்றித்தானே கொண்டுபோனார். மாசி சிவராத்திரிக்கும் ஆடித் திருக்கல்யாணத்துக்கும் வாசிக்க வருகிற நாதஸ்வர செட்டெல்லாம் இங்கே இறங்கி அடுத்த வண்டிக்குக் காத்துக்கிடக்கும். அந்த ஒரு மணி, இரண்டு மணி நேரம்தான் அண்ணனுக்குத் தொழில். ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கும் உத்தரகோசமங்கை ஆருத்ராவுக்கும் மட்டும் அவரே காமிராவைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். தாயிரா என்கிற கைப்பறையை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு டீ குடிக்கிற பக்கீர் படம் ஒன்று ஏர்வாடியில் எடுத்தது. அதன் முன்னால் கூட்டம் குறையவே இல்லை.

வாசித்துக்கொண்டிருக்கும்போது எடுத்த படங்கள் குறைவு. வாசிப்பதற்கு முந்தி எடுத்ததுதான் அதிகம். ஒருவர் நாதஸ்வரத்தில் ஊதுகிற சீவாளியை வாயில் வைத்து ஊறவிட்டுக்கொண்டு எங்கேயோ பார்க்கிறார். ஒரு தவில்காரர் வலது கை விரல்களுக்குக் கூடு போட்டுக்கொண்டிருக்கிறார். அண்ணனுடையது மேலே குனிந்து பார்க்கிற இரட்டை லென்ஸ் யாஷிகா, அதை நெஞ்சுக்குக் கீழே பிடித்துக்கொண்டு தலை குனிந்து நிற்பார். எதிரே இருப்பவருக்கு, யாரோ தன்னை வணங்கி நிற்கிற மாதிரித்தான் இருந்திருக்கும். அந்த முகங்களில் ஒன்றுகூட விறைப்பாக இல்லாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் நான் உனக்கு எழுத உட்கார்ந்தது பின்பக்க அறையில் மாட்டியிருந்த படங்களைப் பற்றி.

ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். குரூப் போட்டோவுக்குக் காசு கொடுப்பவர்கள் நாதஸ்வரமும் தவிலும். அவர்கள் நாற்காலியில் இருப்பார்கள். சுருதிக்கு ஒத்து ஊதுகிறவரும் தாளம் போடுகிற பையனும் பின்னால், பாதி முகம் மறைந்து நிற்பார்கள். அரண்மனைப் படிக்கட்டு வரைந்த திரை உனக்கு நினைவிருக்கிறதா, அதன் முன்னால்தான் எல்லாம். கடைசியில் ஒரு படம் மிஞ்சும். "ரோலை முடிக்கணும், வாங்கண்ணே" என்று ஒத்துக்காரரைக் கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்து, அந்தத் திரையை இழுத்துத் தள்ளிவிட்டு, உப்புப் பூத்த சுவரை வைத்தே எடுத்திருக்கிறார். வருஷக்கணக்கில் இப்படி. காசு வாங்கியதில்லை.

ஒத்தில் விரல் வைத்து வாசிக்க ஒன்றும் கிடையாது. ஒரே சுருதி, மணிக்கணக்கில், அறுந்துவிடாமல். கன்னத்தில் தேக்கிய காற்றை விட்டுக்கொண்டே மூக்கால் அடுத்த மூச்சை இழுக்க வேண்டும். இப்போது சுருதிப் பெட்டி வந்துவிட்டது, ஒத்துக்காரரைப் பார்ப்பதே அபூர்வம். ஒரு படத்தில் ஐம்பது வயசுக்காரர் ஒருவர். ஊதி ஊதிப் பெருத்த கன்னம் சும்மா இருக்கும்போது இரண்டு மடிப்பாகத் தளர்ந்து தொங்குகிறது. மேலுதட்டின் நடுவில் ஒரு காய்ப்பு. தோள் துண்டின் ஓரம் கிழிந்து, வேறு நிற நூலில் தைத்திருக்கிறது. ஒத்தைத் தரையில் ஊன்றி இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார், பேரப்பிள்ளையைப் பிடித்துக்கொள்வது போல. கண்காட்சியில் இதைவிட நல்ல படம் இல்லை மாப்பிள்ளை.

அதன் கீழே 'பெயர் தெரியாத கலைஞர்' என்று ஒட்டியிருந்தார்கள். வரிசையாக எல்லாப் படத்துக்கும் அதே. எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாசல் நாற்காலியில் இருந்த அண்ணனிடமே போய்க் கேட்டேன். "பில் போட்ட படத்துக்குத்தானே தம்பி பேர் எழுதுவோம். இதுக்கு பில்லே போடலையே" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காசு வாங்கியிருந்தா பேராவது மிஞ்சியிருக்கும்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நாகூர் ஹனீபா 1925-ல் பிறந்தது ராமநாதபுரத்தில்தானே, அவர் படம் ஒன்றாவது இருக்கும் என்று தேடியிருந்தேன். அதையும் கேட்டேன். "அவரை எடுக்க ஆயிரம் பேர் இருந்தாங்க" என்று முடித்துவிட்டார்.

இந்த நெகட்டிவ்கள் தப்பித்ததே பெரிய காரியம். பிலிமில் பூசியிருக்கும் ஜெலட்டின் பூஞ்சைக்கு நல்ல தீனி, இந்தக் கடற்காற்றின் ஈரத்தில் கேட்கவே வேண்டாம். மர பீரோவுக்குள் ராப்பகலாக ஒரு பதினைந்து வாட் பல்பை எரியவிட்டே காப்பாற்றியிருக்கிறார். அப்படியும் சிலதில் பூஞ்சை கோலம் போட்டிருக்கிறது. அதை அப்படியே பிரிண்ட் போட்டிருக்கிறார்கள், நல்லது. ஆனால் பெரிதாக்கிய நாலைந்து படங்களில் முகத்தைக் கம்ப்யூட்டரில் வழித்துவிட்டார்கள். அந்த உதட்டுக் காய்ப்பே காணோம். கல்யாணப் படங்களுக்கு அண்ணனும் நெகட்டிவில் பென்சில் டச்சிங் செய்தவர்தான், அம்மைத் தழும்பை எல்லாம் மூடியிருக்கிறார். பன்னிரண்டாவது படத்தில் மட்டும் பென்சிலே வைத்ததில்லையாம். அதைத் தெரிந்துகொண்டாவது விட்டிருக்கலாம்.

அப்புறம், உன்னிடம் ஒரு வேலை. நான் சொன்ன ஒத்துக்காரர் படத்துக்கு ஒரு காப்பி கேட்டு வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். அதே ரோலின் முதல் படத்துக்கு பில் இருக்கிறது. 'திருவாரூர் செட், 3 காப்பி' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. தேதி, நாம் எஸ்எஸ்எல்சி எழுதிய அதே வருஷத்து மாசி. நீ கும்பகோணத்தில்தானே இருக்கிறாய். ஆடுதுறைப் பக்கம் நரசிங்கம்பேட்டைக்கு ஒரு நடை போய்வா. நாதஸ்வரம் கடைகிற பட்டறைகளில் வயசானவர்கள் யாராவது இருப்பார்கள். படத்தில் ஒத்தின் அடியில் விரிந்திருக்கிற அணசைக் கவனித்துப் பார், ஒரு வெடிப்பும் அதைச் சுற்றிப் பித்தளைக் கம்பிக் கட்டும் தெரியும். முகம் தெரியாவிட்டாலும், அந்தக் கட்டைப் போட்ட கைக்கு அது தெரியலாம்.

பெயர் கிடைத்தால் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே, உடனே போன் பண்ணு. அண்ணனுக்கு எண்பத்து நாலு ஆகிறது.

அன்புடன்,
உன் மண்டபத்து மாப்பிள்ளை