'ஈகோ'வை 'நான்' என்றே எழுதுங்கள்

உளவியல் நூல்களைத் தமிழில் எழுதுவோருக்கும் கலைச்சொல் ஆக்குவோருக்கும் வணக்கம்.

என்னிடம் மனநல ஆலோசனைக்கு வந்த ஒரு பெண் எடுத்த எடுப்பிலேயே, "ஈகோவை அடியோட அழிக்கணும், வழி சொல்லுங்க" என்றார். பேசப் பேசத்தான் தெரிந்தது, யார் எது கேட்டாலும் மறுக்கத் தெரியாதவர், தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லவே கூசுபவர். அழிப்பதற்கு அவரிடம் ஏதும் மிச்சமில்லை. அவர் படித்த நூலில் ஈகோவுக்கு நேராக 'ஆணவம்' என்று அச்சாகியிருந்தது.

இலத்தீனில் ஈகோ என்றால் 'நான்', அவ்வளவுதான். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த சிக்மண்ட் ஃபிராய்டு அந்த இலத்தீன் சொல்லைக்கூடக் கையாளவில்லை. 1923இல் வந்த தம் நூலில் அவர் எழுதியது 'இஷ்'. ஜெர்மன் பேசும் குழந்தை தன்னைச் சுட்டச் சொல்லும் அதே 'நான்'. உந்துதல்கள் கொந்தளிக்கும் இடத்துக்கு 'எஸ்', அதாவது 'அது' என்று பெயர் வைத்தார். ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் இரண்டையும் 'ஈகோ', 'இட்' என்று இலத்தீனாக்கினார்கள். அப்படிச் செய்ததால் சொற்களின் நெருக்கம் போய்விட்டது என்று உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் 1982இல் ஒரு நூலே எழுதினார். நாமோ அந்த இலத்தீனை எடுத்து, அதன் தலையில் ஒரு பழியையும் ஏற்றிவிட்டோம்.

ஃபிராய்டு சொல்லும் 'நான்' குதிரைமேல் அமர்ந்தவனைப் போன்றது. தன்னைவிட வலிய விலங்கை அடக்கப் பார்க்கும். பல வேளை குதிரை இழுத்த இழுப்புக்கே போகும். அதற்குப் புற உலகம், 'அது', மனசாட்சிபோல் கண்டிக்கும் 'மேல்நான்' (ஆங்கிலத்தில் சூப்பர் ஈகோ) என்று மூன்று எசமானர்கள் என்றும் எழுதினார். இப்படி மூன்று பக்கமும் அல்லாடுகிற ஒன்றுக்கா ஆணவம் என்று பெயர்?

ஆணவம் என்ற சொல்லுக்கும் இது அநீதி. சைவ சித்தாந்தத்தில் அது, உயிரைப் பிணிக்கும் மூன்று அழுக்குகளான மும்மலங்களில் முதலாவது. செம்பில் களிம்புபோல உயிரைத் தொடக்கமின்றிப் பற்றியிருப்பது. உயிரின் அறிவை மறைத்து அணுவளவாகச் சுருக்குவதால் வந்த பெயர். அங்கே அதன் முதல் வேலை திமிர் அன்று, இருட்டு.

'அகங்காரம்' சற்று அருகில் வருகிறது. வடமொழி 'அஹம்' என்பதற்கு 'நான்' என்று பொருள் (நம் 'அகம்', உள் என்று பொருள்படும் வேறு சொல்). பழைய இந்தியத் தத்துவமான சாங்கியத்தில் புத்தியிலிருந்து அகங்காரமும், அகங்காரத்திலிருந்து மனமும் புலன்களும் தோன்றுகின்றன. நடந்தது 'எனக்கு நடந்தது' ஆவது அதனால்தான். ஆனாலும் அதே அகங்காரத்திலிருந்துதான் ஐம்பூதங்களின் நுண்கூறுகளும் பிறக்கின்றன. ஃபிராய்டின் 'நான்' அவ்வளவு பெரியதல்ல. தவிர, தெருப்பேச்சில் அகங்காரம் வெறும் வசைச்சொல் ஆகிவிட்டது.

வள்ளுவர் 346ஆம் குறளில் 'யான் எனது என்னும் செருக்கு' அறுபட வேண்டும் என்கிறார். அந்தச் செருக்குக்குப் பரிமேலழகர் தரும் உரை 'மயக்கம்'. தானல்லாத உடம்பை 'யான்' என்று கருதும் மயக்கம். எதை அறுக்கச் சொல்கிறார் என்பதில் நம் முன்னோருக்கு இருந்த துல்லியம் நம் கலைச்சொல் பட்டியல்களில் ஏன் இல்லை?

ஆகவே கேட்கிறேன்: ஃபிராய்டின் கருத்தை விளக்கும் இடங்களில் 'நான்', 'அது', 'மேல்நான்' என்றே எழுதுங்கள். "'நான்' தளர்ந்திருக்கிறது" என்பது இலக்கணத்துக்கு உறுத்தும் என்பீர்கள். ஜெர்மனிலும் 'நான்' முன்னால் அஃறிணைச் சுட்டு நிற்கிறது. நமக்கு மேற்கோள்குறி போதும். பேச்சுவழக்கில் 'ஈகோ பிடித்தவர்' என்பதற்குத் தன்முனைப்பு, தலைக்கனம், செருக்கு என்று சொற்கள் தாராளமாக இருக்கின்றன. அடுத்த பதிப்புக்கு முன் அந்த ஒரு வரியையாவது திருத்துங்கள். அந்தப் பெண் மறுபடி புரட்டப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.

அன்புடன்,
ஓர் உளவள ஆலோசகர்