தோட்டக் குழுக்களுக்கு ஆண்டுதோறும் ஒரு சிறுதொகை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் சிங்கப்பூரின் குடியிருப்புப் பேட்டைகளிலும் அவற்றை ஒட்டிய பூங்காக்களிலும் பாத்தி கட்டி, செடி நட்டு, களையெடுத்து, நடைபாதை ஓரங்களைப் பேணிவரும் அக்கம்பக்கக் குழுக்களுக்குக் கிடைக்கும் சிறு மானியங்களைப் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன். மானியமே இல்லை என்று நான் குறைகூறவில்லை. ஆனால், இருக்கும் மானியங்கள் பெரும்பாலும் புதிதாக ஒன்றைத் தொடங்குவோரை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டிருக்கின்றன. தொடங்கியதை ஆண்டுக்கணக்கில் காப்பாற்றி வருவோருக்கு அவற்றில் இடம் மிகக் குறைவு. இதைப் பல ஆண்டுகளாகத் தோட்டத் தொண்டூழியத்தில் இருப்பவர் என்ற முறையில் சொல்கிறேன்.

2005ஆம் ஆண்டு தேசியப் பூங்காக் கழகம் சமூகத் தோட்டங்களுக்கான ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தைத் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் 2,000க்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் இருக்கின்றன. 2016இல் 25 மில்லியன் வெள்ளியுடன் அமைக்கப்பட்ட ‘நமது சிங்கப்பூர் நிதி’, சமூகத் திட்டம் ஒன்றின் செலவில் 80 விழுக்காடு வரை, 20,000 வெள்ளிக்கு மேற்படாமல், உதவி வந்தது. 2020இல் சுற்றுச்சூழல் திட்டங்களுக்கென 50 மில்லியன் வெள்ளியில் ‘எஸ்ஜி இக்கோ நிதி’ வந்தது. பொது இடங்களுக்குக் குடியிருப்பாளர்களே உயிரூட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் (வீவக) நகர மறுசீரமைப்பு ஆணையமும் தனியாக ஒரு திட்டம் வைத்திருக்கின்றன. இவை ஒவ்வொன்றும் பாராட்டத்தக்கவை. 1963இல் திரு லீ குவான் இயூ மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கி வைத்தபோது நடுவதும் நீரூற்றுவதும் பெரும்பாலும் அரசாங்கத்தின் வேலையாகவே இருந்தது. இப்போது அதில் குடியிருப்பாளர்களும் கைகோக்க வழி பிறந்திருக்கிறது.

ஆனால், ஒரு தோட்டத்தை நடத்த ஆகும் செலவு எங்கே போகிறது என்பதை வெளியிலிருந்து பார்ப்போர் எளிதில் ஊகிக்க முடியாது. வீவக புளோக்குகளைச் சுற்றியுள்ள புல்தரையின்கீழ் இருப்பது பல இடங்களில் கட்டுமானத்தின்போது கொட்டி இறுக்கப்பட்ட களிமண். ஒரு சாண் தோண்டினாலே மஞ்சளும் சிவப்புமாகக் கட்டிகட்டியாக வரும். இடையிடையே சிமெண்டுத் துண்டும் ஓட்டுச் சில்லும் அகப்படும். மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் நிற்கும், தொடர்ந்து வெயிலடித்தால் பாளம்பாளமாக வெடிக்கும். அந்த மண்ணில் வெண்டையும் கத்தரியும் காய்க்க வேண்டுமானால் மக்கிய உரமும் தேங்காய் நார்த்தூளும் கலந்து பதப்படுத்த வேண்டும். ஒருமுறை செய்துவிட்டால் போதும் என்றில்லை. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அந்த மழை மண்ணின் சத்தை அடித்துக்கொண்டு போகிறது. எஞ்சிய மக்கும் பொருளும் நம் வெப்பத்தில் விரைவில் சிதைந்துவிடுகிறது. ஆகவே, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் மூட்டை மூட்டையாக உரம் வாங்கிப் போடுவது தவிர்க்க முடியாத வருடாந்தரச் செலவு.

கொசு இன்னொரு பெருங்கவலை. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற ஏறத்தாழ ஒரு வாரம் போதும். எனவே, வாளி, தொட்டியின் அடித்தட்டு, இலைக்கணு என்று தண்ணீர் தேங்கக்கூடிய ஒவ்வோர் இடத்தையும் வாரம் தவறாமல் பார்த்தாக வேண்டும். கொட்ட முடியாத நீரில் புழுக்கொல்லி போட வேண்டும். இவற்றோடு ரப்பர் குழாய் வெடிக்கும், மண்வெட்டிக் காம்பு உடையும், நிழல்வலை கிழியும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்னச் சின்னச் செலவுகள்தாம். ஆனால், அவை ஓய்வுபெற்ற நாலைந்து பேரின் சட்டைப்பையிலிருந்து ஓசையில்லாமல் போய்க்கொண்டிருக்கின்றன. தோட்டம் தொடங்கும்போது இருந்த உற்சாகம் சில ஆண்டுகளில் வற்றிப்போவதற்கு ஆட்களின் சோம்பலைக் காரணம் காட்டுவோர் இந்தச் செலவையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் குழுவில் ஒரு மூத்த அம்மா, பிள்ளையாருக்கு மாலை கட்டப் பூ வேண்டும் என்று ஓர் எருக்கஞ்செடியை ஓரமாக வைத்தார். சில மாதங்களில் அதன் இலைகளில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரியோடிய புழுக்கள் ஏறின. மருந்தடித்துவிடலாமா என்று பேச்சு எழுந்தது. அப்போது அடுத்த புளோக்கில் வசிக்கும் சீன இளையர் ஒருவர், அவை ‘பிளெய்ன் டைகர்’ என்னும் ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் என்றும், எருக்கம்பாலின் நச்சை உடலில் சேர்த்துக்கொண்டு பறவைகளிடமிருந்து அவை தப்பித்துக்கொள்கின்றன என்றும் எடுத்துச் சொன்னார். அந்த அம்மாவுக்கும் அவருக்கும் பொதுவான மொழி என்று பெரிதாக எதுவும் கிடையாது. செடியைக் காட்டிக் காட்டியே இருவரும் பேசிக்கொள்கிறார்கள். இன்று அருகிலுள்ள பாலர் பள்ளிப் பிள்ளைகள் அந்தச் செடியைப் பார்க்க ஆசிரியருடன் வருகிறார்கள். சமூக ஒற்றுமைக்காக எத்தனையோ நிகழ்ச்சிகள் நடத்தப்படும் நம் நாட்டில், இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு இயல்பாக அது நடக்கும் இடத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்தப் பிள்ளைகள் சேற்றில் மிதிக்காமல் நிற்கக் கொஞ்சம் சரளைக்கல்லும், நான்கு மொழிகளில் ஒரு சிறு விளக்கப் பலகையும் வைக்க விரும்பி, நிதி வழங்கும் ஓர் அமைப்பை அணுகினோம். தேவைப்பட்டது சில நூறு வெள்ளி. படிவமோ திட்டத்தின் புதுமை என்ன, தொடக்க நிகழ்ச்சி எந்த நாளில், எத்தனை பேர் பங்கேற்பர், விளம்பரம் எவ்வழியில் என்றெல்லாம் கேட்டது. செலவு முழுவதையும் முதலில் நாங்களே செய்து, ரசீதுகளைக் காட்டிப் பின்னர் ஒரு பகுதியைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஏற்கெனவே இருக்கும் தோட்டத்தைப் பராமரிப்பது புதிய திட்டமாகாது என்று இறுதியில் பதில் வந்தது. எங்களுடன் பேசிய அதிகாரி மிகவும் பொறுமையாகவும் மரியாதையாகவும் நடந்துகொண்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். விதியை எழுதியவர்கள் எங்களைப் போன்ற குழுக்களை மனத்தில் கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. செடியைப் பற்றி எல்லாம் அறிந்த மூத்தோர், வீட்டில் யாராவது ஒரு பிள்ளை அலுவலகத்திலிருந்து திரும்பி வந்து நிரப்பித் தரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. நிலம் யாருடையது என்ற கேள்வியும் குழுக்களைத் திணறடிக்கிறது. புளோக்கின் கீழே உள்ள புல்தரையை நகர மன்றம் பராமரிக்கிறது, சாலைக்கு அப்பாலுள்ள பூங்காவைத் தேசியப் பூங்காக் கழகம் பார்த்துக்கொள்கிறது, கால்வாய்க் கரை பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. நடந்து போகிறவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சை. ஒரு பெஞ்சு போட நினைப்பவர் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்துகொள்வதற்குள் ஆர்வம் பாதி குறைந்துவிடுகிறது.

நான் முன்வைக்கும் யோசனை மிக எளியது. பதிவுபெற்ற ஒவ்வொரு சமூகத் தோட்டத்துக்கும், பூங்காவைப் பேணும் ஒவ்வொரு தொண்டூழியர் குழுவுக்கும், ஆண்டுக்கு 500 முதல் 2,000 வெள்ளி வரை பராமரிப்புக்கென்றே ஒரு தொகை வழங்கப்பட வேண்டும். அது முன்பணமாகக் கிடைக்க வேண்டும். விண்ணப்பம் நான்கு மொழிகளிலும், இரண்டு பக்கத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். பணமாகத் தர இயலாவிட்டால் பொருளாகத் தரலாம். நியூயார்க்கில் 1978இல் தொடங்கிய ‘கிரீன்தம்ப்’ திட்டம் அந்நகரின் 500க்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்களுக்கு மண், பலகை, கருவிகள் போன்றவற்றை வழங்கி வருகிறது. அதே நகரில் பூங்காத் துறையும் ஓர் அறக்கட்டளையும் 1995 முதல் கூட்டாக நடத்தும் மற்றோர் அமைப்பு, பூங்காக்களைப் பேணும் அக்கம்பக்கக் குழுக்களுக்கென்றே சிறு மானியம் தருகிறது. அவ்வளவு பெரிய நகரத்தில் முடிவது, எல்லாம் ஒழுங்காக நடக்கும் நம் ஊரில் நிச்சயம் முடியும்.

பொதுப் பணத்துக்குக் கணக்கு வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். கட்டாயம் வேண்டும். ஆனால், கேட்கப்படும் கணக்கு தொகைக்கு ஏற்ற அளவில் இருக்கட்டும். உரக்கடை ரசீது, தோட்டத்தின் இரண்டு புகைப்படங்கள், ஆண்டுக்கு ஒருமுறை நேரில் வந்து பார்க்கும் ஓர் அதிகாரி. ஆயிரம் வெள்ளிக்கு இவை போதும்.

இதைவிட முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. அதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. சில சமூகத் தோட்டங்கள் உயரமான வேலியும் பூட்டுமாக இருக்கின்றன. திருட்டுப் பயத்தால்தான் பூட்டுகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. பார்த்துப் பார்த்து வளர்த்த பூசணியை யாரோ பறித்துக்கொண்டு போனால் ஏற்படும் வேதனையை நானும் அறிவேன். இருந்தாலும், பொது நிலத்தில் பொதுப் பணத்தைக் கொண்டு வளரும் தோட்டத்துக்குள் அந்தப் புளோக்கின் பிள்ளைகளே நுழைய முடியாதிருப்பது சரியில்லை. சொந்தச் சமையலுக்கு மட்டும் பயிரிட விரும்புவோருக்கு 2016 முதல் பூங்காக்களில் இரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் வாடகைப் பாத்திகள் இருக்கின்றன. எனவே, வாரத்தில் குறிப்பிட்ட நேரங்களிலாவது கதவைத் திறந்து வைத்து, புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு, விளைச்சலில் ஒரு பங்கை அக்கம்பக்கத்தாருக்கு வழங்கும் குழுக்களுக்கே இந்த மானியம் போக வேண்டும்.

நம் தமிழ் அமைப்புகளிடமும் ஒரு வேண்டுகோள். பதிவு, வங்கிக் கணக்கு, ஆண்டறிக்கை ஆகியவை இல்லாத சிறு குழுக்கள் மானியம் பெற முடியாமல் நிற்கின்றன. சமூக மன்றங்களில் இயங்கும் இந்திய நற்பணிச் செயற்குழுக்களும் பிற சங்கங்களும் தங்கள் பகுதியிலுள்ள ஒரு தோட்டக் குழுவுக்காவது விண்ணப்பதாரராக நின்று உதவலாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மேடை போடும் அனுபவம் அவர்களுக்கு நிறைய இருக்கிறது; படிவம் நிரப்புவதும் கணக்கு எழுதுவதும் அவர்களுக்குப் புதிதன்று. முருங்கையும் கறிவேப்பிலையும் வெற்றிலையும் எப்படி வளர்ப்பது என்று தெரிந்த நம் பெரியவர்கள் பலர், யாராவது வந்து கூப்பிட மாட்டார்களா என்று புளோக்கின் கீழே திறந்தவெளியாக விடப்பட்ட வெற்றுத்தளத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

2030க்குள் ஒவ்வொரு குடும்பமும் பத்து நிமிட நடையில் ஒரு பூங்காவை அடையும் வகையில் அரசாங்கத்தின் பசுமைத் திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. அவ்வளவு பூங்காக்களையும் குத்தகை ஊழியர்களைக் கொண்டே பராமரிப்பது செலவுமிக்கது. அந்த ஊழியர்கள் ஏற்கெனவே வெயிலில் போதுமான அளவு உழைக்கிறார்கள். நான் கூறும் ஆண்டு மானியத்தை முதலில் ஓரிரு நகர மன்றங்களின் எல்லைக்குள் ஈராண்டுகள் சோதித்துப் பார்க்குமாறு தேசியப் பூங்காக் கழகத்தையும் வீவகவையும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் நம் நாடாளுமன்ற உறுப்பினர் எவரேனும் இதை எழுப்பினால், அவருக்குத் தோட்டக் கணக்குப் புத்தகத்தைக் காட்டி விளக்க எங்கள் குழு தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
தோட்டத் தொண்டூழியர் ஒருவர்,
ஈசூன்