படகு வாங்கிய மகனுக்கு

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள தம்பிக்கு,

படகின் படங்கள் வந்தன. நன்றாகத்தான் இருக்கிறது. அம்மா பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் சாமி அறைக்குப் போய்விட்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. செண்டரோ ஏரிக்கரையில் உன் கையில் தூண்டிலைக் கொடுத்துப் பழக்கியவன் நான். இப்போது தெமெங்கோர் அணை ஏரிக்குப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் ஏது? வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நண்பர்கள் நடுவே திறந்து சிரிப்பாய் என்றுதான் தபாலில் எழுதுகிறேன்.

இதுவரை அடுத்தவர் படகில் ஏறினாய். இனி நீயே தெக்கோங், படகை நடத்துபவன். தெக்கோங்குக்கு எஞ்சின் ஓட்டத் தெரிந்தால் போதாது, நண்பர்களின் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லவும் தெரிய வேண்டும். அதுதான் உனக்கு வராது. பந்தியில் நான்காம் முறை சோறு போட வந்தாலும் இலையை மூடத் தெரியாதவன் நீ. இந்தப் படகு விஷயத்தில் எனக்குள்ள பயம் தண்ணீரைப் பற்றியது கொஞ்சம், உன் தாட்சண்யத்தைப் பற்றியது நிறைய.

படகின் உள்பக்கத்தில் எத்தனை பேர், எத்தனை கிலோ என்று தகடு இருக்கிறதா பார். இல்லையென்றால் விற்றவரைக் கேட்டு எழுதி வாங்கு. அந்தக் கிலோவில் ஐஸ் பெட்டியும் பேட்டரியும் சேரும். 25 லிட்டர் பெட்ரோல் தொட்டியே ஏறக்குறைய 20 கிலோ. ஐந்து பேர் என்று பேசி வைத்த இடத்துக்கு ஒருவன் மச்சானையும் அழைத்து வருவான். "இன்னும் ஒருத்தர்தானே" என்பார்கள். அந்த ஒருவர் ஏறும்போது விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே உள்ள உயரம் குறைகிறது. பக்கத்தில் வேகமாக ஒரு படகு போனால் அதன் அலையே உள்ளே வந்துவிடும். 2013 மே மாதம் சரவாக்கில், பெலாகா பக்கம் ராஜாங் ஆற்றில் கவிழ்ந்த விரைவுப் படகு நினைவிருக்கிறதா? கவாய் என்னும் அறுவடைத் திருநாளுக்கு ஊர் திரும்பியவர்கள். கொள்ளளவுக்கு மிக அதிகமாக ஏற்றியிருந்தார்கள், கூரையிலும் ஆட்கள். விழா நேரத்தில் யாரை இறங்கச் சொல்வது என்று அங்கேயும் தயங்கியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அடுத்தது லைஃப் ஜாக்கெட். வாங்கியிருப்பாய், தெரியும். இருக்கைக்கு அடியில் மடித்து வைத்திருப்பாய், அதுவும் தெரியும். பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் எனக்குத் தெரியாமல் நீச்சல் கற்றுக்கொண்ட பெருமை உனக்கு இன்னும் போகவில்லை. தலை படகின் விளிம்பில் மோதி மயங்கி விழுந்தவனுக்கு நீச்சல் எதற்கு உதவும்? அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விபத்து அறிக்கைகளைப் படித்தேன். பொழுதுபோக்குப் படகுகளில் போய் மூழ்கி இறந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் ஜாக்கெட் அணியாதவர்கள். ஆகவே படகுத்துறையிலேயே மாட்டிக்கொள்; மாட்டாதவன் கரையில் இருக்கட்டும். பேரனை அழைத்துப் போவதானால் அவன் எடைக்கு ஏற்றது, கால்களுக்கிடையே வார் உள்ளது வேண்டும். மாட்டிவிட்டு ஜாக்கெட்டின் தோள்பகுதியைப் பிடித்துத் தூக்கிப் பார். அது அவன் காதுவரை ஏறினால் தண்ணீரில் கழன்றுவிடும். வளர்ந்தால் போட்டுக்கொள்ளலாம் என்று பெரிதாக வாங்க இது பள்ளிச் சீருடை இல்லை.

எஞ்சினில் சிவப்புச் சுருள் கயிறு ஒன்று தொங்குமே, அதைக் கையிலோ ஜாக்கெட்டிலோ மாட்டிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். ஓட்டுபவன் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நிற்கும். மாட்டாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்துக்கொண்டு விழுந்தவன் மேலேயே வரும், விசிறி சுழல. தெமெங்கோரில் இது மிகவும் தேவை. 1970களில் பேராக் ஆற்றை மறித்து அணை கட்டியபோது காடு முழுவதும் வெட்டப்படவில்லை. பட்ட மரங்கள் இன்னும் தண்ணீரில் நிற்கின்றன. அணையில் நீர் ஏறி இறங்குவதால், போன மாதம் கண்ணில் பட்ட மரமுனை இந்த மாதம் ஒரு சாண் தண்ணீருக்குள் மறைந்திருக்கும். தோமான் மீன் அந்த மரங்களுக்கிடையேதான் கிடக்கும், நீயும் அங்கேதான் போவாய். மெதுவாகப் போ.

சிறுநீர் கழிக்க விளிம்பில் எழுந்து நிற்காதே. சிரிக்காதே, சிறு படகிலிருந்து ஆட்கள் விழுவது இப்படியும்தான். பீர் பெட்டி படகில் ஏறக் கூடாது. தோட்டத்தில் சம்சுச் சாராயம் என்ன செய்தது என்று பார்த்து வளர்ந்த உனக்கு இதை விளக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கொண்டு வருபவன் உன் மேலாளராக இருந்தாலும் கரையில் இறக்கி வை.

ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பர், அக்டோபரிலும் மதியத்துக்கு மேல் இடி மழை அதிகம். ஏரி நடுவில் உங்கள் தலையும் தூண்டில் கம்பும்தான் உயரமாக நிற்கும். விடியற்காலையில் புறப்பட்டு, மேகம் கட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். மீன் அப்போதுதான் கடிக்க ஆரம்பித்தது என்று ஒருவன் சொல்வான். எப்போதும் சொல்வான். பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் இருக்கட்டும். படகு கவிழ்ந்தால் அதைப் பிடித்துக்கொண்டே மிதந்திருங்கள். கரை பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். நீந்திப் போய்விடலாம் என்று விட்டுப் போகாதே.

உள்ளே போகப் போகக் கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்காது. அதனால் யார் யார் போகிறீர்கள், ஏரியின் எந்தப் பக்கம், படகின் நிறம், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒரு தாளில் எழுது. ஒன்றைப் படகுத்துறையிலும் ஒன்றை மருமகளிடமும் கொடு. எத்தனை மணிக்கு மேல் 999 அழைக்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுது. எழுதாவிட்டால் அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம் என்றுதான் காத்திருப்பாள்.

எனக்கும் அந்தத் தாளைப் படம் பிடித்து அனுப்பு. மச்சான்கள் பெயரையும் விடாமல் எழுது, எண்ணிப் பார்ப்பேன். செபாராவ் மீன் கிடைத்தால் அம்மாவுக்கு ஒன்று எடுத்து வை, தோமான் வேண்டாமாம்.

இப்படிக்கு,
அப்பா