என் கை உடைந்த ஆடி மாதம்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள், பாய், ஆயர் ஐயா எல்லோருக்கும்,

ஸ்தோத்திரம். அப்படிச் சொல்லிப் பழக்கம் இல்லாதவர்களுக்கு வணக்கம்.

மாவுக்கட்டைப் பிரித்துப் பத்து நாள் ஆகிறது. வலது கையால் இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத்து கோணலாக இருந்தால் மணிக்கட்டைத் திட்டுங்கள். நேரில் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும், பாதிப் பேரை விட்டுவிடுவேன். அதனால்தான் இந்த மடல்.

போச்சம்பள்ளி, சந்தூர் பக்கம் ஒட்டு மாங்கன்று வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு ஆடி, ஆவணி என்றால் என்ன என்று தெரியும். மழை ஈரத்தில் கட்டினால்தான் ஒட்டு நன்றாகப் பிடிக்கும். இந்த ஆடியில் என் நர்சரியில் ஒட்டுக்கு அடியாக இருக்கும் நாட்டு மாஞ்செடி நாலாயிரம் பாக்கெட் பென்சில் கனத்துக்கு வந்து தயாராக நின்றது. ஒட்டுக்குச்சிக்காக, அதாவது அந்தச் செடிமேல் கட்டுகிற நல்ல ரகக் குச்சிக்காக, மரங்களில் இலை கிள்ளியும் ஆகிவிட்டது. அந்த வாரம்தான் வண்டியோடு சறுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவு, ஆறு வாரம் கட்டு. இலை கிள்ளிய குச்சி ஆறு வாரம் காத்திருக்காது. பத்து நாளில் மொட்டு உப்பிவிடும், அதற்கு மேல் துளிர்த்துவிட்டால் அந்தக் குச்சி ஒட்டுக்கு ஆகாது.

முதல் நன்றி பக்கத்து நர்சரி அண்ணனுக்கு. இருபது வருஷமாக எனக்குப் போட்டிக்காரர் அவர். ஞாயிறு சந்தைக்கு வரும் ஆட்கள் என் கேட் பூட்டியிருப்பதைப் பார்த்து (நான் ஆராதனையில் இருப்பேன்) அவரிடம் போய் வாங்கிக்கொண்டு போவதில் எனக்கு ரொம்ப நாள் வயிற்றெரிச்சல் உண்டு. விழுந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு, அவர் தன் ஆட்கள் மூன்று பேரோடு, கத்தியோடு வந்து நின்றார். "எப்படிக் கட்டணும்னு சொல்லுடா, உன் கணக்குப்படியே கட்டறோம்" என்றார்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

குச்சி வெட்டுவதற்குப் பத்து நாள் முன்னால், மரத்தில் இருக்கும்போதே இலையைக் கிள்ளி, காம்பை மட்டும் விட்டுவிட வேண்டும். காம்பு தானாக உதிரும் நேரத்தில் மொட்டு உப்பி நிற்கும். அப்போது வெட்டிக் கட்டினால் பிடிப்பது அதிகம். கட்டிய பிறகு பால் ஐஸ் போடுகிற நீள பிளாஸ்டிக் கவரைத் தொப்பி மாதிரி மாட்டி, அடியில் கட்டிவிட்டால் ஈரம் போகாது. இரண்டும் பெரிய ரகசியம் இல்லை, தோட்டக்கலை படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் 2004-ல், கிருஷ்ணகிரி தனி மாவட்டமான வருஷம், நான் வேலைக்குச் சேர்ந்த நர்சரியில் ஒட்டுக் கட்டும்போது எங்களைத் தண்ணீர் ஊற்ற அனுப்பிவிடுவார்கள். பார்த்துப் பார்த்துத் திருட்டுத்தனமாகக் கற்றுக்கொண்டேன். கஷ்டப்பட்டுக் கற்றதை நாமும் மூடித்தான் வைக்க வேண்டும் என்று அன்றைக்கே மனசில் முடிவு பண்ணிவிட்டேன் போல. இலை இல்லாத கிளையைப் பார்த்துவிட்டு அண்ணன் ஒருமுறை கேட்டபோது, "இலை வெட்டும் வண்டு அடிச்சிருச்சுண்ணே" என்று கூசாமல் சொன்னேன்.

அன்று காலை, கட்டுப் போட்ட கையோடு திண்ணையில் உட்கார்ந்து, வண்டு கதையைப் பொய் என்று ஒப்புக்கொண்டேன். அவர் குச்சியைச் சீவிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "பன்னெண்டு வருஷமா தெரியும்டா. உங்க மரத்து வண்டுக்கு மட்டும்தான் காம்பை விட்டுட்டு இலையை வெட்டத் தெரியுது." அவருடைய ஆட்கள் சிரித்த சிரிப்பு ரோட்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

அண்ணே, அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து நன்றி.

எட்டு நாளில் நாலாயிரமும் கட்டி முடித்தார்கள். மூவாயிரத்துச் சொச்சம் பிடித்தது. நானே கட்டியிருந்தால் இன்னும் இருநூறு பிடித்திருக்கும் என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தக் குரலுக்கு இன்னும் மாவுக்கட்டு போட முடியவில்லை.

வருஷா வருஷம் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகச் சபைக்கு ரூபாய் குறையாமல் கொடுத்துவிடுகிற ஆள் நான். சபையின் அறுப்பின் பண்டிகைக்கு நல்ல ரகக் கன்றாகப் பார்த்து ஏலத்துக்கு வைப்பேன். அதனால் எஜமான் கொடுத்த தாலந்தை, அதாவது பணத்தை, பயன்படுத்தாமல் மண்ணில் புதைத்த வேலைக்காரனின் பைபிள் கதையை வாசிக்கும்போதெல்லாம் அது வேறு யாரையோ பற்றியது என்றுதான் நினைத்திருந்தேன். ஆயர் ஐயா ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தபோது எனக்குப் பிரசங்கம் பண்ணவில்லை, அதற்கு முதலில் நன்றி. யாத்திராகமம் 35-ஆம் அதிகாரத்தை மட்டும் வாசித்துவிட்டுப் போனார். இஸ்ரவேலர் தேவனை ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்யும் வேலைக்குப் பெசலெயேல் என்கிற கைவினைக்காரனுக்கு ஞானத்தைக் கொடுத்த தேவன், கூடவே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற மனசையும் அவனுக்கும் அகோலியாபுக்கும் வைத்தார் என்று அதில் வருகிறது. தொழில் ஞானத்தை நான் ஜெபத்தில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். இரண்டாவதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அப்புறம்தான் மூன்று சனிக்கிழமை நடந்த ஒட்டுக் கட்டும் வகுப்பு. அது என் யோசனை என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள், இல்லை. "எங்களுக்குச் சொன்னதைப் பசங்களுக்கும் சொல்லேன்" என்று அண்ணன்தான் ஆரம்பித்து வைத்தார். சபை மண்டபத்தை ஆயர் திறந்துவிட்டார். சபைப் பெரியவர் ஒருவர், "தொழிலை ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்துட்டா நாளைக்கு நம்ம பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்?" என்று கேட்டார். தப்பான கேள்வி இல்லை. எனக்கு இன்னும் அதற்குப் பதில் தெரியாது. ஆனால் அவரே மூன்று சனிக்கிழமையும் டீயும் சுண்டலும் ஏற்பாடு பண்ணினார். அவருக்கு என் நன்றி.

காவேரிப்பட்டணத்து மண்டி பாய்க்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. மாம்பழக் கூழ் ஆலைக்குத் தோத்தாபுரி மாங்காய் லோடு அனுப்புகிற அவசரத்தில் இருக்கிற மனிதர். அவர் வீட்டுக்கென்று வைத்திருக்கும் இமாம் பசந்த் மாமரத்தில், "பசங்க கை பழகட்டும், வெட்டிக்கோங்க" என்று இருநூறு குச்சி வெட்ட விட்டார். கற்றுக்கொள்கிற கையில் பாதி வீணாகும் என்று தெரிந்தே கொடுத்தார். வீணாகிறதைக் கொடுக்க எனக்கு மனசு வருமா என்று யோசித்துப் பார்த்தேன். வராது.

ஓய்வு பெற்ற தோட்டக்கலை அலுவலர் ஐயா ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் வந்து பேசினார், பஸ் காசுகூட வாங்கவில்லை. கோவாவில் போர்த்துக்கீசியர் காலத்தில் ஏசு சபைப் பாதிரிமார் மாமரத்தில் ஒட்டுக் கட்டிப் பரப்பியதையும், அல்போன்சா என்ற பெயர் போர்த்துக்கீசிய ஆளுநர் அல்புகர்க்கிடமிருந்து வந்ததாகச் சொல்லப்படுவதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இத்தனை வருஷம் அல்போன்சா விற்றவனுக்குத் தெரியவில்லை பாருங்கள்.

கையில் கட்டு இருந்ததால் வகுப்பில் என் வாய்தான் வேலை செய்தது. வந்தவர்கள் பதினேழு பேர், அதில் ஆறு பேர் பெண்கள். கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை நான் சொன்னதையெல்லாம் படம் வரைந்து நாலு பக்கமாக எழுதி நகல் எடுத்துக் கொடுத்தது. கீழே யார் பெயரும் போடவில்லை. கேட்டதற்கு, "யாருக்கு வேணுமோ நகல் எடுத்துக்கட்டும்ணா" என்றது. அதே தங்கைதான் பைபிளில் ரோமர் 11-ஐக் காட்டி என்னை மடக்கியது. காட்டு ஒலிவக் கிளையை நல்ல மரத்தில் ஒட்டியதாகப் பவுல் எழுதுகிறாரே, நாம் நாட்டுச் செடியில்தானே நல்ல குச்சியை ஒட்டுகிறோம், பவுலுக்கு நர்சரி வேலை தெரியாதா என்று. நான் முழித்தேன். ஆயர் எட்டிப் பார்த்து, "சுபாவத்துக்கு விரோதமாய்னு அவரே எழுதியிருக்கார், கொஞ்சம் தள்ளி இருபத்திநாலாம் வசனத்தையும் படிம்மா" என்றார். மண்டபமே சிரித்தது.

என் வீட்டுக்காரம்மாவுக்கு எழுத்தில் நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வாள். இரண்டு மாதம் எனக்குச் சோறு பிசைந்து கொடுத்துவிட்டு, செடிக்கும் தண்ணீர் விட்டவள் அவள். சரி, கோபித்துக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒரு விஷயம். ஒட்டுக் கட்டும் வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு ஷேடு நெட்டுக்குக் கீழே ஒரு ஒட்டுக்கத்தி கிடந்தது. மரக் கைப்பிடி, நுனியில் பச்சை நாடா சுற்றியிருக்கிறது, நல்ல பதம். யாருடையது என்று தெரியவில்லை. துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். வந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு மட்டும் பதினொரு மணிக்கு மேல் வாருங்கள், அதற்கு முன்னால் வந்தால் அண்ணன் கடையில் உட்கார்ந்திருங்கள்.