தபால் பெட்டியில் அப்பா பெயர்

ஸ்டுட்கார்ட்
பிப்ரவரி 8, ஞாயிறு

அன்புள்ள அம்மா, அப்பாவுக்கு,

ராணி எழுதுவது. நலம். நலம் அறிய ஆவல். நேற்று ராத்திரிதான் வீடியோவில் முகத்தைப் பார்த்துப் பேசினோம், இருந்தாலும் கடிதம் என்று உட்கார்ந்தால் கை தானாக இதைத்தான் எழுதுகிறது.

அப்பாவின் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. போனில் "சாப்பிட்டியா, குளிரா, இந்தா அம்மாகிட்ட பேசு" என்பதோடு முடித்துவிடுகிற மனுஷர் நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் மடிப்பு கலையாமல், பசை வெளியே வழியாமல் ஒட்டிய உறையில். உடனே பதில் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஐந்து மாதமாக ஒரு வரி எழுதாதவள் சட்டென்று எழுத உட்கார்ந்தால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

முதலில் போட்ட கடிதம் திரும்பி வந்த கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அன்றைக்கு அப்பா ஒன்றும் பேசாமல் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அம்மா சொன்னபோது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. சுடலைமுத்து கையில் போன தபால் ஆள் இல்லை என்று திரும்பியதே இல்லை என்று பிரிவு உபசார விழாவில் போஸ்ட் மாஸ்டர் மைக்கில் பேசினாரே, அந்த ஆளுக்கே மகளுக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்திருக்கிறது. நான் அப்போது "முகவரியில் ஏதோ எண் மாறியிருக்கும்" என்று மழுப்பிவிட்டேன். எண் எல்லாம் சரிதான். முடிந்துபோன விஷயம் என்பதால் இப்போது சொல்கிறேன். அம்மா, நீ இதற்காகக் கோயிலுக்கு எதையும் நேர்ந்துகொள்ளாதே.

இந்த நாட்டில் யார் வீடு மாறினாலும், குடிவந்த இரண்டு வாரத்துக்குள் அரசாங்க அலுவலகத்தில் போய்ப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்று பெயர். எங்களைப் போல வந்தவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், இங்கேயே பிறந்து வளர்ந்தவர் அடுத்த தெருவுக்குப் போனாலும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 1000 யூரோ வரை அபராதம் போடலாம். பதியாமல் வரி எண் வராது, விசா முடிவதற்குள் வாங்க வேண்டிய தங்கும் அனுமதி அட்டைக்கும் இந்தப் பதிவைத்தான் கேட்பார்கள். வாடகை ஒப்பந்தத்தை நீட்டினால் போதாது. வீடு கொடுத்தவர் "இந்த ஆள் இந்தத் தேதியில் இங்கே குடிவந்தார்" என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். 2015 நவம்பரிலிருந்து இது கட்டாயம். அந்தத் தாளின் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். அப்பா, சத்தமாகப் படித்துப் பாருங்கள், கூட்ஸ் வண்டி கேட்டைத் தாண்டுகிற மாதிரியே இருக்கும்.

முதல் வீட்டில் அந்தத் தாளைத்தான் தரவில்லை. அந்த ஆளே வாடகைக்கு இருப்பவர். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் எங்கள் மூன்று பேருக்கு அறை விட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. வாடகை கையில் ரொக்கம். தாளைக் கேட்டால் அடுத்த வாரம், அடுத்த வாரம். கடைசியில் "பதிவு கேட்காதவர்களுக்குத்தான் இந்த அறை" என்றார். அட்வான்ஸ் கொடுத்தபோது இதைச் சொல்லவில்லை. எங்கள் பெயர் வெளியே தெரிந்தால் மாட்டிக்கொள்வார் என்பதால் அழைப்பு மணியிலும் தபால் பெட்டியிலும் பெயர் ஒட்டவும் விடவில்லை. இங்கேதான் அப்பாவின் கடிதம் மாட்டிக்கொண்டது. அப்பா, இங்கே ஒரு கட்டடத்துக்கு ஒரு எண், அதற்குள் பத்துக் குடும்பம் இருந்தாலும் 3ஏ, 3பி எல்லாம் கிடையாது. பெட்டியில் ஒட்டியிருக்கிற பெயர்தான் முகவரி. பெயர் இல்லையென்றால் ஆள் இல்லை. தபால்காரர் பெட்டி பெட்டியாகப் பார்த்திருப்பார், பாவம், உங்களை மாதிரி டீக்கடையில் கேட்டுப் பார்க்க வழியில்லை. நான் மாடியிலேதான் இருந்திருப்பேன்.

வரி எண் இல்லாததால் இரண்டு மாதம் சம்பளத்தில் கொஞ்சம் கூடப் பிடித்துவிட்டார்கள். எண் கொடுக்காதவர்களை ஆறாம் வரி வகுப்பு என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள், இருக்கிற வகுப்பிலேயே அதிகம் பிடிக்கிற வகுப்பு அதுதான். கணக்குக் கொடுத்தால் திரும்பி வந்துவிடும், கவலைப்பட ஒன்றுமில்லை. தீபாவளிக்கு அனுப்பியது குறைந்தது அதனால்தான், வேறு எதுவும் இல்லை. சாப்பாட்டுக்கெல்லாம் ஒரு குறையும் இல்லை. உருளைக்கிழங்கு இங்கே ரொம்ப மலிவு, குளிருக்குச் சோற்றைவிட அதுதான் நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள். காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் ஒரு மெஷினுக்குள் போட்டால் ஒன்றுக்கு 25 சென்ட் திருப்பித் தருகிறார்கள், ஆபீசில் எல்லாரும் குடித்துவிட்டு வைப்பதை வெள்ளிக்கிழமை நான்தான் பையில் போட்டுக்கொண்டு போகிறேன். சுத்தமாக இருக்கட்டும் என்றுதான்.

இந்த வீடு கிடைத்ததே கறிவேப்பிலையால். நீ கொடுத்த பருப்புப் பொடி தீர்ந்த அன்று மனசு கேட்காமல் இலங்கைத் தமிழர் கடை ஒன்றைத் தேடிப் போனேன். விலையைப் பார்த்துக் கறிவேப்பிலையை எடுத்து, வைத்து, திரும்ப எடுத்தேன். கல்லாவில் இருந்த அக்கா அதைக் கவனித்துவிட்டு எந்த ஊர், எங்கே இருக்கிறாய் என்று விசாரித்தார். பதிவு இல்லை என்றதும் "ஐயோ பிள்ளை, பதிவில்லாமல் இங்க எப்படி இருக்கிறீர்?" என்று கையில் இருந்த பையை அப்படியே கீழே வைத்துவிட்டார். அவர் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவருக்குத் தெரிந்த வீட்டில் ஒரு அறை காலி, கூட இருப்பது ஒரு கல்லூரிப் பெண். வீட்டுக்காரர் சாவி கொடுத்த அன்றே அந்தக் கூட்ஸ் வண்டித் தாளிலும் கையெழுத்துப் போட்டார். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான், சென்னையில் பெரியப்பா மகன் பத்து மாதம் கொடுத்தானே, அந்த மாதிரி இல்லை. மூன்று தவணையில் கட்டலாம் என்று சட்டமே இருக்கிறது. மொத்தமாகவே கட்டியிருப்பேன், சட்டம் இருக்கும்போது எதற்கு என்று தவணையில் கட்டுகிறேன்.

பதியப் போன கதைதான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது. டோக்கன் எண் திரையில் வந்ததும் உள்ளே போனேன். நம் மங்கையர்க்கரசி டீச்சர் மாதிரியே கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா. பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்துவிட்டு "ஃபிராவ் ஸுடலைமுட்டு?" என்றார். ஃபிராவ் என்றால் திருமதி என்கிற மாதிரி. நான் ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன் அப்பா, நீங்கள் எங்கே வந்தீர்கள் என்று. அதிலிருந்து எனக்கு இங்கே ராணி என்ற பெயரே போய்விட்டது. ஆபீசில், வங்கியில், பல் டாக்டரிடம், எல்லா இடத்திலும் சுடலைமுத்துதான். அம்மாவை நினைத்தால்தான் சிரிப்பு வருகிறது. ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பேர் என்ன என்று கேட்டால் "சுடுகாட்டுச் சாமி பேரோட முத்தைச் சேர்த்துக்கோங்க" என்று விடுகதை போடுவாயே, நீ முப்பது வருஷமாக வாய் திறந்து சொல்லாத பெயரை இங்கே ஊரே கூப்பிடுகிறது.

அப்புறம் என்ன மதம் என்று கேட்டார். இது எதற்கு என்று திகைத்துவிட்டேன். சர்ச்சில் சேர்ந்தவர்களுக்கு வருமான வரியோடு சர்ச்சு வரியும் பிடிப்பார்களாம், இந்த மாநிலத்தில் வருமான வரியில் 8 சதவீதம். நம் கோயில் கொடைக்கு வீட்டுக்கு வீடு வசூலிக்கிற தலைக்கட்டு வரியேதான், சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வதுதான் வித்தியாசம், தலையாரி வந்து நிற்க வேண்டியதில்லை. இந்து என்றேன், வரி கிடையாது.

அடுத்த கேள்வியில்தான் மாட்டிக்கொண்டேன். இந்த வீடு உங்களுடைய ஒரே வீடா, இல்லை வேறு வீடும் இருந்து இது முதன்மை வீடா என்று படிவத்தில் கட்டம் இருக்கிறது. எனக்கு இன்னொரு வீடு இருக்கிறது, ஊரில், என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அந்த அம்மா ஜெர்மனிக்குள் இருக்கிற வீடுதான் கணக்கு என்று பொறுமையாக விளக்கினார். நான் தலையாட்டினேன். அவரே "ஒரே வீடு" என்ற கட்டத்தில் டிக் செய்து, சீல் வைத்து, தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே வந்து டிராம் நிறுத்தத்தில் நின்று அந்தத் தாளைப் படித்தேன். பனி பெய்துகொண்டிருந்தது. இரண்டு டிராம் போனபிறகுதான் ஏறினேன்.

சரி, அதை விடுங்கள். கீழ் வீட்டுப் பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன். இந்த ஊரில் கேர்வோகெ என்று ஒன்று, வாரம் ஒரு வீடு முறை வைத்துப் படிக்கட்டைப் பெருக்கித் துடைக்க வேண்டும். 500 வருஷத்துப் பழக்கம் என்கிறார் பாட்டி, அவரே இருந்து பார்த்த மாதிரி. யார் முறையோ அவர் கதவில் ஒரு அட்டை தொங்கும். என் கதவில் தொங்கிய முதல் சனிக்கிழமை நான் துடைத்து முடித்ததும் பாட்டி மெதுவாக ஏறி வந்தார், கைப்பிடிக் கட்டைக்கு அடியில் ஒரு விரலை விட்டு இழுத்து, விரலை வெளிச்சத்தில் காட்டினார். ஒன்றும் பேசவில்லை, போய்விட்டார். இப்போது அடியிலும் துடைக்கிறேன். நம் வாசலில் நீ சாணி தெளித்துப் பெருக்குவதைப் பார்த்தால் பாட்டி உன்னிடம் பாடம் கேட்பார், கோலத்துக்கு என்ன சொல்வாரோ தெரியாது. போன வாரம் நான் இருமியதைச் சுவர் வழியாகக் கேட்டிருக்கிறார் போல, கதவில் ஒரு பையில் எலுமிச்சம்பழம் இரண்டு தொங்கியது. முதலில் யாரோ எனக்குத் திருஷ்டி கழித்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டேன். இருமல் எல்லாம் போய்விட்டது.

பதிந்த பிறகு என் பெயருக்கு வந்த முதல் கடிதம் எது தெரியுமா? டிவி, ரேடியோவுக்கு மாதம் 18.36 யூரோ கட்டு என்று. வீட்டில் டிவியே கிடையாது. இல்லாவிட்டாலும் வீட்டுக்கு வீடு கட்ட வேண்டும். கூட இருக்கிற பெண்ணும் நானும் பாதிப் பாதி. இரண்டாவது வரி எண், பதினோரு இலக்கம், சாகும்வரை அதே எண்தான். மூன்றாவதுதான் அப்பாவுடையது. வேலை முடிந்து வந்து பெட்டியைத் திறந்தபோது விளம்பரத் தாளுக்கு நடுவே அந்தக் கையெழுத்து. 'ஸ்டுட்கார்ட்' என்பதைக் கொட்டை எழுத்தில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். கோட் கூடக் கழற்றாமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்து படித்தேன். அந்த உறையில் நம் வீட்டு அலமாரி வாசனை வந்தது அம்மா. நிஜமாக வந்தது, ரசகற்பூரம் போட்ட வாசனை. பாட்டி கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

இனி வீட்டு விஷயம். முத்தரசி அக்கா வளைகாப்புக்கு நான் வர முடியாது. லீவு இருக்கிறது, ஆனால் டிக்கெட் விலை அந்த நேரத்தில் எக்கச்சக்கம், வேஸ்ட். அத்தை ஏதாவது சொன்னால் ஆபீசில் விடவில்லை என்று சொல்லிவிடு. கணேசன் ஹாஸ்டல் பணத்துக்கு மார்ச் முதல் வாரம் அனுப்புகிறேன், அதற்குள் சண்முகம் மாமாவிடம் கேட்க வேண்டாம். அவர் கொடுப்பார், கொடுத்துவிட்டு கல்யாண வீட்டில் பத்துப் பேரிடம் சொல்வார். என் வளையல் அடகு அடுத்த மாதம் தவணை முடிகிறது இல்லையா, இப்போதைக்கு வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்து வை. இங்கே நகை போட்டுக்கொண்டு எங்கே போகப் போகிறேன், அது பத்திரமாக அங்கேயே இருக்கட்டும். பின்கட்டு ஓட்டை மாற்ற அப்பா ஏற வேண்டாம், கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

ரேஷன் கார்டு பற்றி எழுதியிருந்தீர்கள் அப்பா. கார்டில் இருக்கிற எல்லாரும் வந்து கைரேகை வைக்கச் சொல்கிறார்கள், அம்மா "வேலைக்குப் போயிருக்கு, வந்துரும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள், என் பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுப்பதுதான் முறை. ஆள் குறைந்தால் அரிசி குறையும் என்று அம்மா முனகுவாள், ஆனால் நாளைக்குக் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். எடுத்துவிடுங்கள். பங்குனி உத்திரம் கழித்து எடுங்கள், போதும். பழைய கார்டை, அந்தப் பச்சைப் புத்தகத்தை, தூக்கிப் போட வேண்டாம், பீரோவில் இருக்கட்டும்.

அடுத்த கடிதத்துக்கு இரண்டு மாதம் ஆக்காதீர்கள். பெட்டியில் ஒட்டுகிற பட்டை சின்னது, சுடலைமுத்து என்று அடித்ததும் இடம் முடிந்துவிட்டது, ராணி இல்லை. அதனால் பெறுநர் இடத்தில் உங்கள் பெயரைத் தவறாமல் எழுதுங்கள். அனுப்புநரும் சுடலைமுத்து, பெறுநரும் சுடலைமுத்து என்று பார்த்துவிட்டு நம்மூர் தபால் ஆபீசில் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

அன்பு மகள்,
ராணி